மெனு எங்க போச்சு, பூட்டு எங்க போச்சு?

போன இதழ்ல ப்ரவுசர் அப்டேட் பத்தி ரெண்டே வரி எழுதினேன், அதுக்கு இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி "இந்த மூஞ்சிய ஏன் மாத்திக்கிட்டே இருக்காய்ங்க"ன்னு தான். அதுவும் தங்கச்சிமடம், பாம்பன், கீழக்கரை, தொண்டின்னு நம்ம ராம்நாடு கரையோரத்துல இருந்து தான் ஜாஸ்தி. அதனால வேற கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளிட்டு இத மட்டும் பாத்துருவோம்.

கேள்வி: அண்ணே, நான் தங்கச்சிமடத்துல சின்னதா ஒரு ஆன்லைன் சென்டர் வச்சிருக்கேன். வருமான சான்று, பட்டா, ரயில் டிக்கெட்னு காலைல இருந்து கூட்டம் தான். அப்டேட் ஆகுற ஒவ்வொரு தடவையும் ஏதாச்சும் ஒண்ணு இடம் மாறிடுது. டவுன்லோட் ஆன சர்டிபிகேட் முன்னாடி கீழ வந்து நிக்கும், இப்ப எங்க போச்சுன்னு தேடணும். மேல இருந்த ஃபைல், எடிட் எல்லாம் போச்சு, மூணு புள்ளி தான் இருக்கு. வேலை இல்லாம மாத்துறாங்களா?
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: பாதி வேலை இல்லாம தான் தங்கச்சி. மீதி பாதிக்கு காரணம் இருக்கு, அத சொல்றேன்.

1994 கடைசில நெட்ஸ்கேப்னு அந்த கால ப்ரவுசர் வந்தப்ப மேல பெரிய பெரிய பட்டன், ஒவ்வொண்ணுலயும் படம், படத்துக்கு கீழ வார்த்தை. பேக், ஃபார்வர்ட், ஹோம், ப்ரின்ட், ஸ்டாப்னு எழுதியே இருக்கும். வலது மூலைல ஒரு "என்" எழுத்து, அடுத்தடுத்த பதிப்புகள்ல பேஜ் லோட் ஆகுற வரைக்கும் அதுக்கு பின்னாடி எரிகல்லா விழுந்துக்கிட்டு இருக்கும், ப்ரவுசிங் சென்டர்ல மணிக்கணக்கு காச குடுத்துட்டு அந்த எரிகல்ல பாத்தவங்க நம்ம ஊர்ல நிறைய பேரு. அப்ப இருந்தது பெட்டி மானிட்டர், அகலம் நாலு பங்குன்னா உயரம் மூணு பங்கு. அதனால மேல ரெண்டு மூணு வரிசை பட்டன் வச்சாலும் பேஜுக்கு இடம் மிஞ்சும்.

அப்புறம் வந்துச்சு பாருங்க டூல்பார் காலம். யாஹூ டூல்பார், கூகுள் டூல்பார், எதையாச்சும் இன்ஸ்டால் பண்ணா கூடவே தொத்திக்கிட்டு வர்ற டூல்பார்னு அடுக்கி அடுக்கி, பேஜ் பாதி ஸ்க்ரீன்ல தான் தெரியும். அதே நேரத்துல லேப்டாப் ஸ்க்ரீன் அகலமாகிப் போச்சு. 1366க்கு 768னு ஒரு சைஸ், ரொம்ப வருஷம் நம்ம ஊர்ல வித்த லேப்டாப் நிறைய அதான். பக்கவாட்டுல தாராளம், உயரத்துல பஞ்சம். அந்த பஞ்சத்துல தான் மேல இருந்த வரிசைய ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சாங்க. 2006ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 ஃபைல், எடிட் வரிசைய மறைச்சுச்சு. 2008 செப்டம்பர்ல க்ரோம் வந்துச்சு, அதுல மெனு வரிசை கிடையாது, மேல தலைப்பு பட்டையும் கிடையாது, டேப்ப உச்சில ஏத்திட்டாங்க, அட்ரஸ் அடிக்கிற இடமும் தேடுற இடமும் ஒண்ணுன்னு ஆக்கிட்டாங்க. எல்லாரும் அதையே பாத்து எழுதிக்கிட்டாங்க. 2014ல ஃபயர்பாக்ஸ் 29 மூணு கோடு மெனுவோட வந்துச்சு. அந்த மூணு கோடு ஐகானே 1981ல ஜெராக்ஸ் கம்பெனியோட ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ்னு ஒருத்தர் வரைஞ்சது, முப்பது வருஷம் யாரும் சீண்டாம கிடந்து செல்போன் வந்தப்புறம் தான் அதுக்கு யோகம் அடிச்சுச்சு.

இது வரைக்கும் எனக்கு சம்மதம். சம்மதம் இல்லாதது, படத்த மட்டும் விட்டுட்டு வார்த்தைய எடுத்தது. ப்ரின்ட்னு எழுதியிருந்தா படிக்கத் தெரிஞ்ச யாரும் கண்டுபிடிச்சுருவாங்க, மூணு புள்ளிய பாத்தா உள்ள ப்ரின்ட் இருக்குன்னு எப்படி தெரியும், யாராச்சும் சொல்லித் தரணும். உங்கள மாதிரி சென்டர் வச்சிருக்கவங்க தான் அந்த சொல்லித் தர்ற வேலைய சம்பளம் இல்லாம பாத்துக்கிட்டு இருக்கீங்க.

டவுன்லோட் விஷயம் இது தான்: 2023ல க்ரோம் கீழ வர்ற பட்டைய எடுத்துட்டு மேல வலது பக்கம், அட்ரஸ் பாருக்கு பக்கத்துல கீழ்நோக்கி அம்புக்குறி போட்ட ஒரு ஐகானா மாத்திட்டாங்க. கொஞ்ச நேரத்துல அதுவும் மறைஞ்சுரும். அத தேடாதீங்க, கன்ட்ரோலோட ஜே அமுக்குங்க, டவுன்லோட் லிஸ்ட் முழுசா வரும். ப்ரின்டுக்கு கன்ட்ரோல் பி. க்ரோம்ல ஆல்ட்டோட எஃப் அமுக்குனா மூணு புள்ளி மெனு திறக்கும். ஃபயர்பாக்ஸ்னா ஆல்ட் மட்டும் அமுக்குனா பழைய ஃபைல், எடிட் வரிசையே எட்டிப் பாக்கும், மேல காலி இடத்துல ரைட் க்ளிக் பண்ணி மெனு பார்ல டிக் போட்டா நிரந்தரமா நிக்கும். க்ரோம்ல அந்த வசதி கிடையாது. இந்த மூணு நாலு கீய ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டுங்க, ஐகான் எங்க போனாலும் கீ அதே கீ தான், ரொம்ப வருஷமா மாறல.

கேள்வி: அண்ணே நாட்டுப்படகுல போற ஆளு நான். காத்து எப்படி இருக்குன்னு போன்ல பாத்துட்டு தான் இறங்குறது. போன மாசம் புதுபோன் மாத்துனேன், அட்ரஸ் அடிக்கிற கட்டம் மேல இருந்து கீழ வந்து உக்காந்திருக்கு. நான் எதையாவது அமுக்கிட்டேனா, இல்ல போனே இப்படித்தானா?
(வாசகர், பாம்பன்)

பதில்: இப்பல்லாம் அப்படித்தான் வருது அண்ணே, சில ப்ரவுசர்ல வரும்போதே கீழ தான் இருக்கும். அது உங்களுக்கு நல்லது தான்னு நான் சொல்லுவேன், கோவப்படாதீங்க.

2007ல முதல் ஐபோன் வந்தப்ப ஸ்க்ரீன் மூணரை இஞ்ச். கட்டைவிரல் எல்லா மூலைக்கும் போயிரும். இப்ப ஆறரை இஞ்சுக்கு மேல போயிருச்சு, ஒரு கையில அணியக் கயித்தையோ மண்டா கம்பையோ புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில போன வச்சிருக்கவருக்கு மேல இருக்கிற கட்டத்த தொடணும்னா போன உள்ளங்கைல வச்சு நகத்தணும், ஈரக்கைல நகத்துனா போன் தண்ணிக்குள்ள. அதான் கட்டைவிரல் எட்டுற இடத்துக்கு கொண்டு வந்தாங்க. விண்டோஸ் போன்ல முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு, அப்ப யாரும் கண்டுக்கல. 2020ல ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் கீழ வச்சுச்சு. 2021ல ஆப்பிள் தன்னோட ப்ரவுசர் சஃபாரில கீழ கொண்டு வந்தப்ப பெரிய ரகளை, சோதனைக்கு விட்ட காலத்துலயே அவ்வளவு திட்டு வாங்கி, கடைசில மேலயா கீழயான்னு ஆளே தேர்ந்தெடுத்துக்கலாம்னு செட்டிங் குடுத்து தான் வெளியிட்டாங்க. க்ரோம் ஐபோன்ல 2023லயும் ஆண்ட்ராய்டுல 2025லயும் தான் அதே வசதிய குடுத்துச்சு.

உங்களுக்கு மேல தான் வேணும்னா க்ரோம்ல அந்த அட்ரஸ் கட்டத்து மேல விரல வச்சு கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிங்க, மேல நகத்தவான்னு அதுவே கேக்கும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா படகுல போறவங்களுக்கு உதவும். டார்க் மோட்னு கருப்பு பின்னணி ஒண்ணு ஃபேஷனா ஓடுது. ராத்திரி ரெண்டு மணிக்கு கரைல நின்னு பாக்க கண்ணுக்கு சுகமா இருக்கும், ஓஎல்இடி ஸ்க்ரீன்னா பேட்டரியும் மிச்சம். ஆனா விடிஞ்சு வெயில் ஏறுனப்புறம் கடல் வெளிச்சத்துல கருப்பு ஸ்க்ரீன்ல உங்க மூஞ்சி தான் தெரியும், காத்து வேகம் தெரியாது. பகல்ல வெள்ளை, ராத்திரி கருப்புன்னு தானா மாறுற மாதிரி போன் செட்டிங்ஸ்ல நேரம் வச்சுருங்க.

கேள்வி: தம்பி, மகன் துபாய்ல இருந்து ஐபோன் வாங்கி அனுப்பினான். அப்டேட் போட்டதும் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிப்போச்சு, பின்னாடி இருக்கிற எழுத்தும் முன்னாடி இருக்கிற எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு தெரியுது. இதே கண்ணாடிய நான் பழைய விண்டோஸ்ல பாத்த ஞாபகம். பழசையே திருப்பி விக்கிறாங்களா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: உங்க ஞாபகம் சரி காக்கா. 2007 ஜனவரில கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டால ஏரோன்னு ஒரு கண்ணாடி வேலைப்பாடு இருந்துச்சு, ஜன்னலோட ஓரமெல்லாம் மங்கலா பின்னாடி இருக்கிறத காட்டும். 2011ல வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 அந்த கண்ணாடிக்குள்ளயே டேப்பயும் அட்ரஸையும் ஒரே வரிசைல சொருகுச்சு. அதுக்கும் முன்னாடி 2000ல ஆப்பிள் அக்வான்னு பட்டன எல்லாம் பளபளன்னு தண்ணி சொட்டு மாதிரி காட்டுனாங்க.

அப்புறம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல பளபளப்பு சலிச்சுப் போச்சு. 2012ல விண்டோஸ் 8 தட்டையா வந்துச்சு, 2013ல ஐஓஎஸ் 7, 2014ல கூகுளோட மெட்டீரியல் டிசைன். பழைய மாதிரி மினுக்குற பட்டன் கிடையாது. க்ரோம் லோகோவையே பாருங்க, 2008ல உருண்டை பொம்மை மாதிரி மினுங்குச்சு, 2011ல தட்டையாச்சு, 2022ல மிச்சம் இருந்த நிழலயும் துடைச்சுட்டாங்க. இதுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு, சின்ன போன், பெரிய டிவின்னு எல்லா சைஸ்லயும் ஒரே படம் பிசிறு இல்லாம தெரியணும்னா தட்டை தான் லேசு. ஆனா தட்டைய ரொம்ப தட்டுனதுல எது பட்டன், எது சும்மா எழுத்துன்னே தெரியாம போச்சு. இப்ப 2025 ஜூன்ல ஆப்பிள் லிக்விட் கிளாஸ்னு அறிவிச்சு ஐஓஎஸ் 26ல இறக்கிட்டாங்க, சஃபாரியோட பட்டையே பேஜுக்கு மேல கண்ணாடியா மிதக்குது.

எனக்கு இதுல பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு. எழுத்துக்கும் அதுக்கு பின்னாடி இருக்கிற கலருக்கும் வித்தியாசம் குறைஞ்சது 4.5க்கு 1ங்கிற அளவுல இருக்கணும்னு இணையத்துக்கு ஒரு பொது விதி இருக்கு. கண்ணாடி மேல எழுதுனா பின்னாடி என்ன வரும்னு யாருக்கு தெரியும், வெள்ளைப் படம் வந்தா வெள்ளை எழுத்து காலி. கடைல டெமோ பாக்கும்போது பின்னாடி அழகான படத்த வச்சுருப்பாங்க, நம்ம வீட்ல பின்னாடி வர்றது செய்தித்தாள் பேஜ். கண்ணாடி போட்டு படிக்கிற வயசுல இது தேவையா?

செட்டிங்ஸ் போயி அக்சசிபிலிட்டி, அதுல டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அதுல ரெட்யூஸ் ட்ரான்ஸ்பரன்சிய ஆன் பண்ணுங்க. கண்ணாடி மங்கி எழுத்து நிக்கும். அப்புறம் வந்த 26.1 அப்டேட்ல கண்ணாடிய அடர்த்தியாக்குற டின்டட்னு ஒரு வழியும் குடுத்துருக்காங்க, அது டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல இருக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். பேங்க் வெப்சைட்டுக்கு போனா பூட்டு இருக்கான்னு பாருங்கன்னு உங்கள மாதிரி ஆளுங்க தான் பத்து வருஷமா எழுதுனீங்க. இப்ப க்ரோம்ல பூட்டையே காணோம், ரெண்டு கோடு ரெண்டு வட்டம் போட்ட ஏதோ ஒண்ணு இருக்கு. பாதுகாப்பு போயிருச்சா?
(வாசகர், மண்டபம்)

பதில்: போகல சார். ஆனா இந்த கேள்விக்கு தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா மத்ததெல்லாம் அழகு சமாச்சாரம், இது காசு சமாச்சாரம்.

அந்த பூட்டுக்கு என்ன அர்த்தம்னா உங்க போனுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல போற தகவல வேற யாரும் ஒட்டுக் கேக்க முடியாது, அவ்வளவு தான். அந்த சைட்டு நடத்துறவன் யோக்கியனா திருடனான்னு பூட்டு சொல்லாது. முந்தி அதுக்கான சர்டிபிகேட்ட காசு குடுத்து வாங்கணும், லெட்ஸ் என்க்ரிப்ட் மாதிரி இலவசமா குடுக்குறவங்க வந்தப்புறம் நல்ல சைட்டுக்கும் கிடைச்சுச்சு, டுபாக்கூர் சைட்டுக்கும் கிடைச்சுச்சு. பேங்க் மாதிரியே ஜோடிச்ச போலி சைட்லயும் அதே பூட்டு. ஜனம் பூட்ட பாத்து நம்பிருச்சு. 2021ல கூகுள் ஒரு ஆய்வு பண்ணி பாத்ததுல கலந்துக்கிட்டவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு தான் பூட்டோட சரியான அர்த்தம் தெரிஞ்சுருக்கு.

அதனால கொஞ்சம் கொஞ்சமா உருவுனாங்க. 2018 ஜூலைல பூட்டு இல்லாத சைட்டுக்கெல்லாம் "பாதுகாப்பில்லை"ன்னு பட்டம் கட்டுனாங்க, செப்டம்பர்ல பூட்டுக்கு பக்கத்துல பச்சைல இருந்த "செக்யூர்"ங்கிறத எடுத்தாங்க. 2019ல பேங்க் பேரு தனியா காட்டுன இடத்தையும் எடுத்துட்டாங்க. 2023 செப்டம்பர்ல க்ரோம் 117ல பூட்டே போயி நீங்க சொல்ற அந்த ரெண்டு கோடு ஐகான் வந்துச்சு, அத அமுக்குனா கேமரா, லொகேஷன் அனுமதி எல்லாம் பாக்கலாம், இணைப்பு பாதுகாப்பான்னும் அங்கயே இருக்கும். இந்த மாத்தம் எனக்கு சரின்னு தான் படுது. பூட்டு இருக்கிறது சாதாரணம், இல்லாதது தான் ஆபத்து, ஆபத்த மட்டும் சொன்னா போதும்.

ஆனா கூடவே இன்னொண்ணு பண்ணாங்க பாருங்க, அது தான் எனக்கு ஆகாது. 2019ல இருந்து அட்ரஸ்ல முன்னாடி வர்ற ஹெச்டிடிபிஎஸ், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ எல்லாத்தையும் க்ரோம் மறைக்குது. 2020ல இன்னும் ஒரு படி மேல போயி முழு அட்ரஸையும் மறைச்சு சைட்டு பேர மட்டும் காட்டி சோதனை பண்ணாங்க, அதனால பாதுகாப்பு ஒண்ணும் கூடலன்னு தெரிஞ்சு 2021 ஜூன்ல கைவிட்டாங்க. நல்ல வேளை. அட்ரஸ் தான் சார் ஆதாரம். படகுத்துறைல வந்து நிக்கிற படகோட கலர பாத்து யாரு படகுன்னு சொல்லிட முடியுமா, நம்பர தானே படிக்கணும், அந்த நம்பர் மேலயே துணிய போட்டு மூடுறது என்ன புத்தி?

நீங்க கம்ப்யூட்டர்ல அட்ரஸ் மேல ரைட் க்ளிக் பண்ணி, எப்பவும் முழு யூஆர்எல் காட்டுங்கிற வரில டிக் போட்டுருங்க. அப்புறம் அட்ரஸ படிக்கிற முறை: ஹெச்டிடிபிஎஸ்க்கு அப்புறம் வர்ற முதல் ஒத்தை சாய்கோடு எங்க இருக்குன்னு பாத்து, அதுல இருந்து இடது பக்கமா பின்னோக்கி படிங்க. அந்த சாய்கோட்ட ஒட்டி இடது பக்கம் இருக்கிறது தான் உண்மையான சொந்தக்காரன் பேரு, முன்னாடி எத்தனை தடவை பேங்க் பேரு வந்தாலும் அது அலங்காரம். ரிசர்வ் பேங்க் நம்ம நாட்டு பேங்குகள எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள "டாட் பேங்க் டாட் இன்"ங்கிற முகவரிக்கு மாறச் சொல்லியிருந்துச்சு, அட்ரஸ் கடைசில வர்ற அந்த வால் பேங்குக்கு மட்டும் தான் தருவாங்க. அதனால இனி பூட்ட விட்டுட்டு வால பாருங்க. மெசேஜ்ல வர்ற லிங்க அமுக்காம நீங்களே அடிச்சு போறது இன்னும் நல்லது, அத உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல.

கேள்வி: ப்ரோ நான் காலேஜ்ல டிசைன் படிக்கிறேன். டேப்போட வடிவத்த மட்டும் ஏன் இத்தனை தடவை மாத்துறாங்க? அப்புறம் டேப்ப பக்கவாட்டுல அடுக்குற ஃபேஷன் நிக்குமா?
(வாசகி, உச்சிப்புளி)

பதில்: வடிவத்துக்கு பெரிய காரணமெல்லாம் கிடையாதும்மா, வெளிய இருந்து பாத்ததும் "புதுசு"ன்னு தெரியணும்னா மாத்த லேசான இடம் டேப் தான். க்ரோம் 2008ல சாய்வா வெட்டுன டேப், 2018ல பத்தாவது பிறந்தநாளுக்கு மூலைய உருட்டுனாங்க, 2023ல பதினஞ்சாவதுக்கு இன்னும் உருட்டுனாங்க. ஃபயர்பாக்ஸ் 2014ல வளைவு, 2017ல குவாண்டம்ங்கிற பதிப்புல சதுரம், 2021 ஜூன்ல ப்ரோட்டான்னு ஒரு புது டிசைன்ல டேப்ப வரிசைல இருந்து பிரிச்சு தனி பட்டன் மாதிரி மிதக்க விட்டுச்சு. நீ டிசைன் படிக்கிறவ, அந்த ப்ரோட்டான உத்துப் பாரு. பின்னாடி இருக்கிற டேப்புகளுக்கு நடுவுல கோடே இல்ல. நாலு டேப் இருந்தா அழகு, இருபது டேப் திறந்தா ஒரு தலைப்பு எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணு தடுமாறும். சின்னதா காட்டுற காம்பாக்ட் வசதியையும் மெனுல இருந்து எடுத்துட்டாங்க, ஆனா அழிக்கல, அட்ரஸ் கட்டத்துல அபவுட் கான்ஃபிக்னு (about:config) அடிச்சு, வர்ற பக்கத்துல "ப்ரவுசர் டாட் காம்பாக்ட்மோட் டாட் ஷோ"ங்கிறத (browser.compactmode.show) ட்ரூன்னு மாத்துனா திரும்ப வரும்.

பக்கவாட்டு டேப் நிக்கும்னு தான் நினைக்கிறேன். மைக்ரோசாஃப்டோட எட்ஜ் ப்ரவுசர் 2021ல குடுத்துச்சு, ஃபயர்பாக்ஸ் 2025 மார்ச்ல 136ல குடுத்துச்சு. முதல் பதில்ல சொன்னது தான், ஸ்க்ரீன் அகலத்துல தாராளம், அங்க அடுக்குறது தான் நியாயம். அதுலயும் தமிழ் படிக்கிறவங்களுக்கு டபுள் லாபம். நம்ம வார்த்தை நீளம், மேல இருக்கிற நெருக்கமான டேப்ல "ராமநாதபு"ன்னு வர்றதுக்குள்ள வெட்டிருவான், மூணு டேப்பும் "ராமநா"ன்னு நின்னா எது கலெக்டர் ஆபீஸ் பேஜ், எது செய்தின்னு எப்படி தெரியும். பக்கவாட்டுல முழு தலைப்பும் படிக்கலாம். இந்த டிசைன் பண்றவங்க யாரும் தமிழ் தலைப்ப வச்சு சோதிச்சு பாத்த மாதிரி தெரியல, நீ நாளைக்கு அங்க வேலைக்கு போனா மொதல்ல அத பண்ணு.

கேள்வி: எந்த ப்ரவுசர் பாக்க அழகு?
(வாசகர், தொண்டி)

பதில்: நீங்க வேலைய பாக்கும்போது எது கண்ணுல படாம இருக்கோ அது.

கேள்வி: இந்த மாத்தமே வேணாம்னு அப்டேட்ட நிப்பாட்டிட்டேன். விண்டோஸ் 7, பழைய க்ரோம், எல்லாம் அப்படியே இருக்கு, நல்லாத்தான் ஓடுது. தப்பா?
(வாசகர், தேவிபட்டினம்)

பதில்: தப்பு தான் அண்ணே. அப்டேட்ல பட்டன் இடம் மாறுறது மட்டும் வரல, ஓட்டை அடைக்கிற வேலையும் அதுல தான் வருது, பெரும்பாலும் ரெண்டையும் தனித்தனியா தரமாட்டாங்க. விண்டோஸ் 7க்கு க்ரோம் 109 தான் கடைசி, 2023 பிப்ரவரில வந்த 110ல இருந்து உங்க மெஷின்ல ஏறாது. இப்ப பேங்க், ஆதார், ஜிஎஸ்டின்னு எதையும் அதுல திறக்காதீங்க. உடனே புது கம்ப்யூட்டர் வாங்க முடியாதுன்னா ஃபயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர்னு ஒண்ணு இருக்கு, பழைய விண்டோஸ்ல ஓடுற பதிப்பு, க்ரோம் நிப்பாட்டுனப்புறமும் ரொம்ப நாள் பாதுகாப்பு அப்டேட் குடுத்தாங்க. ஃபயர்பாக்ஸ் குடுக்குற மொசில்லாவோட சைட்ல போயி இன்னும் குடுக்குறாங்களான்னு பாத்துட்டு போடுங்க. மெனு பார்ல டிக் போட்டா உங்க ஃபைல், எடிட்டும் அதுலயே கிடைக்கும்.